ஆட்டத்துக்கு முடிவு உண்டா என்று பாருங்கள்

எட்டு வயது மகனும் ஐந்து வயது மகளும் உள்ள ஒரு தாய் கேட்டிருப்பது இது: "விடுமுறை விட்டதிலிருந்து மகன் கையில் செல்போன்தான். வாங்கி வைத்தால் அழுகையும் சண்டையுமாக வீடு இரண்டுபடுகிறது. கல்வி விளையாட்டு என்று நான் ஏற்றிக் கொடுத்த செயலிகளை அவன் தொடுவதே இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம்? எந்த விளையாட்டைக் கொடுக்கலாம்? பேசாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா? சின்னவளும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள்."

"எவ்வளவு நேரம்" என்ற இடத்தில்தான் நானும் தொடங்கினேன். அங்கே தொடங்கியதால் ஒரு வருடம் வீணாகப் போனது. நான் திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியை. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. வகுப்பு நடத்த எனக்கு ஒரு செல்போன், வகுப்பு கேட்க மகளுக்கு ஒன்று என்று ஆனது. மகளுடைய வகுப்பு முடிந்ததும் அந்தப் போன் மகன் கைக்குப் போகும். முதலில் அரை மணி நேரம் என்று கணக்கு வைத்தேன். சமையலறை கடிகாரத்தில் மணி அடிக்கும், நான் போனை வாங்குவேன், அவன் தரையில் விழுந்து புரளுவான். ஆனால் சில நாட்களில் மட்டும், மணி அடிப்பதற்கு முன்பே அவனாகவே போனைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் எதையோ சொல்ல ஓடி வருவான். அதே பையன், அதே அரை மணி நேரம். எங்கே வேறுபாடு என்று பார்க்க ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். கோடு கிழித்து மூன்று பத்திகள் போட்டேன்: என்ன ஆடினான், எவ்வளவு நேரம், எப்படி எழுந்தான்.

இரண்டு வாரத்தில் நோட்டு தெளிவாகக் காட்டிவிட்டது. ஓடிக்கொண்டே நாணயம் பொறுக்கும் விளையாட்டை இருபது நிமிடம் ஆடினால் அழுகை, கோபம், அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு எதிலும் மனம் ஒட்டாது. துண்டுகளைப் பொருத்திப் படம் சேர்க்கும் விளையாட்டை ஒன்றரை மணி நேரம் ஆடினாலும் "முடித்துவிட்டேன்" என்று எழுந்து வருவான். ஒன்றுக்கு முடிவு இருக்கிறது, மற்றதற்கு இல்லை. அன்றிலிருந்து எந்த விளையாட்டைப் பார்த்தாலும் எனக்கு முதல் கேள்வி இதுதான்: இந்த ஆட்டம் குழந்தையை எழுந்திருக்க விடுகிறதா? நேரக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

முடிவு இல்லாத விளையாட்டுகள் தற்செயலாக அப்படி அமைந்தவை அல்ல. உளவியலாளர் ஸ்கின்னர் 1950களில் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளை ஆசிரியர் பயிற்சியில் படித்திருக்கிறேன். பொத்தானை ஒவ்வொரு முறை கொத்தும்போதும் தானியம் விழுந்தால், தானியம் நின்றதும் புறாவும் விரைவில் கொத்துவதை நிறுத்திவிடும். எப்போது விழும் என்று தெரியாதபடி சில முறை விழுந்து சில முறை விழாமல் இருந்தால், புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். பரிசுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத விளையாட்டுகள் இதே விதியில்தான் ஓடுகின்றன. தினமும் வந்தால் ஒரு பரிசு, ஏழு நாள் விடாமல் வந்தால் பெரிய பரிசு, ஒரு நாள் தவறினால் எல்லாம் பூஜ்யம். உயிர் தீர்ந்தால் அரை மணி நேரம் காத்திரு, அல்லது காசு கொடு. எட்டு வயதுக் குழந்தையின் மன உறுதி இத்தனைக்கும் ஈடுகொடுக்க முடியாது. உங்கள் மகன் பிடிவாதக்காரன் என்று நினைக்காதீர்கள். எழுந்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் பலர் கூடி யோசித்துச் செய்த ஒரு பொருளிலிருந்து எழுந்து வரச் சொல்கிறோம்.

இதை ஏதோ ஒரு தாயின் சந்தேகம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். பெல்ஜியம் 2018இலேயே இப்படிப்பட்ட பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், 2022 டிசம்பரில் அமெரிக்க வணிக ஆணையத்துடன் 52 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. அதில் 24.5 கோடி டாலர், தெரியாமல் பொருள் வாங்கும்படி பொத்தான்களை அமைத்ததற்காகவும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் குழந்தைகள் வாங்க வழிவிட்டதற்காகவும் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஒதுக்கப்பட்டது. மீதி, குழந்தைகளின் தனியுரிமைச் சட்டத்தை மீறியதற்கான அபராதம்.

எங்கள் வீட்டிலும் அது நடந்தது. 1,500 ரூபாய்க்கான பரிசுக் கூப்பன் ஒன்றை என் செயலிக் கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன். அட்டையில் வாங்கினால் ஓடிபி வரும், கூப்பன் இருப்பிலிருந்து வாங்கும்போது வராது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பார்த்தேன், 43 ரூபாய் மீதி. ஒன்பது தடவை வாங்கியிருந்தான். அப்போது அவனுக்கு ஏழு வயது. பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் போடாமல்தான் கேட்டேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் காசு செலவழிக்கவில்லை அம்மா, வைரம்தான் செலவழித்தேன்" என்றான். அதில் ஒரு துளி பொய்கூட இல்லை. கடையில் ஐந்து ரூபாய் மிட்டாய்க்குப் பத்து ரூபாய் கொடுத்து மீதி வாங்கத் தெரிந்த பையன் அவன். ரூபாயை வைரமாக மாற்றி, வைரத்தைச் சாவியாக மாற்றி, சாவியால் பெட்டியைத் திறக்கும்போது இடையில் ரூபாய் காணாமல் போய்விடுகிறது. அதற்காகத்தான் அப்படி மாற்றுகிறார்கள்.

அன்று இரவு இரண்டு காரியம் செய்தேன். ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி செயலிக் கடையின் அமைப்பை மாற்றினேன். மறுநாள் 1,457 ரூபாயைப் பத்து ரூபாய்த் தாள்களாகவும் நாணயங்களாகவும் மாற்றி மேசையில் அடுக்கிவைத்து, அவனையே எண்ணச் சொன்னேன். பாதியிலேயே அவன் முகம் மாறிவிட்டது. அடியும் திட்டும் எதுவும் தேவைப்படவில்லை. இன்றுவரை வாங்கும் எந்தப் பொருளுக்கும் "உண்மையான ரூபாயில் எவ்வளவு?" என்று கேட்கிறான்.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே தனிச் சட்டம் இருந்தது. நல்லதுதான். ஆனால் காசு கட்டி ஜெயிக்கும் ஆட்டங்களுக்குத்தான் அந்தத் தடை. குழந்தை விளையாட்டுக்குள் வைரம் வாங்குவதைத் தடுக்கும் வேலையை அது நமக்காகச் செய்யாது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

இனி உங்கள் "கல்வி விளையாட்டு". அவன் அவற்றைத் தொடாததற்காக வருந்தாதீர்கள், பெரும்பாலானவை தொடத் தகுந்தவையாகவும் இல்லை. ஏழு எட்டு எவ்வளவு என்று கேட்டு, நான்கு விடை கொடுத்து, சரியாகத் தொட்டால் நாணய மழை பொழியும் ஒரு செயலியை மகனுக்குக் கொடுத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து பின்னால் நின்று பார்த்தேன். கேள்வியை அவன் படிக்கவே இல்லை. நான்கு விடைகளையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போனான். தவறான விடைக்கு இழப்பு எதுவும் இல்லை, நாணயம் எப்படியும் விழுகிறது. வாய்ப்பாட்டின் மேல் சர்க்கரை தடவினால் குழந்தை சர்க்கரையை நக்கிவிட்டு வாய்ப்பாட்டைத் துப்பிவிடும். நல்ல விளையாட்டில் யோசிப்பதே இனிப்பாக இருக்கும். அப்படி எங்கள் வீட்டில் நின்றவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஜிகாம்ப்ரி என்ற விளையாட்டுத் தொகுப்பு. பெயரை பிரெஞ்சு மொழியில் வாசித்தால் "எனக்குப் புரிந்தது" என்று ஒலிக்கும். 2000இல் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கியது, இன்று கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியது) சமூகத்தின் கையில் இருக்கிறது. இரண்டு வயது முதல் பத்து வயது வரை நூற்றுக்கும் மேற்பட்ட சிறு விளையாட்டுகள். விளம்பரம் இல்லை, நாணயம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமும் வேண்டாம். என் அக்கா மகளுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று பரணில் கிடந்தது. அதில் ஏற்றினேன். மெதுவாகத்தான் ஓடியது, ஆனாலும் போதும்.

அதில் ஒரு ஆட்டம். டக்ஸ் என்ற பென்குயின் படகில் மீன் பிடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறது. குளிக்க வேண்டும், குழாயில் தண்ணீர் இல்லை. குழந்தைதான் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும். சூரியனைத் தொட்டால் வெயில் ஏறும், நீராவி மேகமாகும், மேகத்தைத் தொட்டால் மழை, பிறகு நீரேற்று நிலையம், தொட்டி, கழிவுநீர் சுத்திகரிப்பு. எல்லாம் ஓடினால்தான் டக்ஸ் குளிக்கும். குளித்தால் ஆட்டம் முடிந்தது. மகனுக்கு அப்போது ஐந்து வயது. வெறுமனே அங்கங்கே தொட்டுப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. கையை எடுத்துவிட்டு வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சூரியனைத் தொட்டான். டக்ஸ் குளித்ததும் அவன் எழுந்து குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்து, "இது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அப்பா அவனைக் கம்பரசம்பேட்டைப் பக்கம் வண்டியில் அழைத்துப் போனார். காவிரி மணலுக்குள் நிற்கும் வட்டமான நீர் சேகரிப்புக் கிணறுகளைக் காட்டினார். அங்கிருந்து எங்கள் தெரு மேல்நிலைத் தொட்டி வரைக்கும் திரும்பி வரும் வழியெல்லாம் குழாய் எங்கே போகிறது என்று அவன் தேடிக்கொண்டே வந்தான். ஒரு விளையாட்டு நல்லதா என்று கேட்டால் நான் இதைத்தான் பார்ப்பேன். திரையை அணைத்த பிறகும் குழந்தைக்குள் அது எதையாவது ஓடவிடுகிறதா?

மகளுக்கு அப்படி ஓடியது ஃபெட் என்ற பாவனைகளால், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளால். கார்ல் வீமன் என்ற இயற்பியலாளர் 2001இல் நோபல் பரிசு பெற்றார். பரிசுப் பணத்தின் ஒரு பகுதியைப் போட்டு 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. அறிவியலையும் கணக்கையும் கையால் தொட்டு மாற்றிப் பார்க்கலாம். இலவசம், உலாவியிலேயே ஓடும், சில பாவனைகள் தமிழிலும் கிடைக்கின்றன. அதில் மின்சுற்று அமைக்கும் பெட்டி ஒன்று உண்டு. மின்கலம், கம்பி, பல்பு, சுவிட்ச் என்று இழுத்துப் போட்டு இணைக்கலாம். ஏழாம் வகுப்பில் மின்னியல் பாடம் நடந்தபோது மகள் மின்கலத்தின் இரண்டு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்துவிட்டாள். திரையில் மின்கலம் தீப்பிடித்து எரிந்தது. அவள் பயந்து கையை எடுத்தாள், பிறகு வேண்டுமென்றே ஐந்தாறு முறை எரித்தாள், பிறகு ஏன் எரிகிறது என்று பாடப் புத்தகத்தைத் திறந்தாள். என் வகுப்பில் எவ்வளவு சொன்னாலும் வராத கேள்வி, அந்தத் தீயிலிருந்து வந்தது. ஒன்றை மட்டும் அன்றே சொல்லிவிட்டேன்: திரையில் எரிக்கலாம், வீட்டு மின்சாரப் பலகையைத் தொடக் கூடாது, டார்ச் செல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நீங்களும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகனுடைய எட்டு வயதுக்கு என்னிடம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஸ்க்ராட்ச் என்பேன், குழந்தைகள் கணினிக்குக் கட்டளை எழுதிப் பழகும் மென்பொருள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007இல் வெளியிட்டது. எட்டு முதல் பதினாறு வயது வரை உள்ளவர்களுக்கானது. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் திரையில் பூனை நடக்கும், பேசும். இங்கே குழந்தை விளையாட்டை ஆடுவதில்லை, செய்கிறது. போனைவிடக் கணினியில்தான் வசதி.

மகன் காக்காவும் வடையும் செய்தான். பூனையை நீக்கிவிட்டு, தானே ஒரு காக்கா வரைந்தான். அலகு தலையைவிடப் பெரியது. மேலிருந்து வடை விழும், காக்கா பிடிக்க வேண்டும், பிடித்தால் ஒரு புள்ளி. ஓடவிட்டுப் பார்த்தால் ஒரு வடைக்கு முப்பது புள்ளி ஏறியது. முதல் நாள் துள்ளிக் குதித்தான். இரண்டாம் நாள் சலிப்பாகிவிட்டது, இவ்வளவு சுலபமாக ஜெயிப்பதில் ஒன்றும் இல்லை என்றான். எனக்குக் காரணம் தெரியும், கணினி ஆசிரியை அல்லவா, வாய் துடித்தது. சொல்லாமல் இருந்தேன். பெற்றோருக்கு இதில் கடினமான வேலை அதுதான். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கை கழுவாமலே ஓடினான். வடை அலகைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை கணினி ஒரு நொடியில் பலமுறை "தொட்டதா, தொட்டதா" என்று கேட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி போடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டான். தொட்டவுடன் வடை மேலே போய்விட வேண்டும் என்று ஒரு கட்டையைச் சேர்த்தான். சரியானது.

அதற்கு ஒரு மாதம் கழித்து நடந்ததற்காகத்தான் இதை நீட்டிச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு நாள் காக்கா ஆட்டம் ஆடிவிட்டு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவன் யோசித்தான். "தினமும் வந்தால் ஒரு வடை இலவசம் என்று போட்டால் திரும்ப வருவார்கள் அம்மா" என்றான். சொன்ன வேகத்திலேயே அமைதியாகிவிட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அந்த விளையாட்டில் எனக்குத் தினமும் பரிசு கொடுத்தது இதற்குத்தானா?" ஆமாம் என்றேன். இலவச வடையை அவன் போடவில்லை. அந்த ஓட்ட விளையாட்டையும் அந்த வாரமே அவனே நீக்கினான். இரண்டு வருடம் நான் சொல்லிப் புரியாதது, ஒரு விளையாட்டைத் தன் கையால் செய்து பார்த்ததில் புரிந்தது.

ஸ்க்ராட்சில் குழந்தைகள் தங்கள் படைப்பைப் பகிரலாம், மற்றவர்கள் கருத்து எழுதலாம். கருத்துகளைக் கண்காணிக்கிறார்கள், தனிச்செய்தி அனுப்பும் வசதி கிடையாது. அப்படியும் முதல் வருடம் நான் பகிர விடவில்லை. கணக்கில் உண்மைப் பெயர், பள்ளிப் பெயர், படம் எதுவும் வேண்டாம்.

சதுரங்கம் பற்றித் தமிழ்நாட்டுப் பெற்றோருக்குச் சொல்லத் தேவையில்லை. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததும், வேட்டி கட்டிய குதிரை "தம்பி" ஊரெங்கும் நின்றதும், 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதும் எத்தனையோ வீடுகளில் பலகையை விரிக்க வைத்தன. இணையத்தில் ஆட லிசெஸ் நல்ல இடம். விளம்பரமும் கட்டணமும் இல்லை. அமைப்பில் குழந்தைகளுக்கான முறையை இயக்கிவிட்டால் அரட்டையும் செய்திகளும் மறைந்துவிடும். ஆனால் சதுரங்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு நிமிட ஆட்டம், மூன்று நிமிட ஆட்டம் என்று வேக ஆட்டங்கள் உண்டு. தோற்ற கோபத்தில் அடுத்தது, அடுத்தது என்று குழந்தை போய்க்கொண்டே இருக்கும். முடிவுள்ள ஆட்டம் அங்கே முடிவில்லாததாகிவிடுகிறது. எங்கள் வீட்டில் பதினைந்து நிமிட ஆட்டத்துக்குக் கீழ் இல்லை. தோற்றால், எந்த நகர்த்தலில் தவறியது என்று பலகையில் காய்களை வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்தது. கணினி உடனே விடை சொல்லிவிடும், அதைக் கேட்கக் கூடாது. குகேஷுக்கே அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப ஆண்டுகளில் நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி என்ஜின்களை அண்டவிடாமல்தான் பயிற்சி கொடுத்தார்.

இந்த இடத்தில் பல்லாங்குழி ஞாபகம் வருகிறது. பல்லாங்குழி, தாயம், ஆடு புலி எல்லாமே செயலிகளாக வந்துவிட்டன. நம் விளையாட்டு என்று ஆசையாக ஏற்றினேன். குழியைத் தொட்டால் முத்துகள் தாமாகவே பரவுகின்றன, கணக்கும் தானாகவே வருகிறது. மகள் பத்து ஆட்டம் ஆடியும் ஒரு குழியைக்கூட எண்ணவில்லை. என் மாமியார் தன் மரப் பலகையை எடுத்துவந்து, பதினான்கு குழியிலும் புளியங்கொட்டை போட்டு எதிரே உட்காரவைத்தார். கொட்டையைக் கையில் அள்ளியதும் எத்தனை இருக்கிறது, எந்தக் குழியில் முடியும் என்று மனதுக்குள் ஓட்ட வேண்டியதாயிற்று. அந்த விளையாட்டின் உயிரே அந்த எண்ணிக்கைதான். அந்த வேலையைச் செயலி வாங்கிக்கொண்டால் குழந்தைக்கு மிஞ்சுவது திரையைத் தொடுவது மட்டும். பலகை இருக்கிற வீட்டில் பல்லாங்குழியைப் போனில் ஆடக் கொடுக்காதீர்கள்.

வெளியே இழுத்துப் போகிற செயலிகளும் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாகக் கொடுக்கும் மெர்லின், பறவையின் நிறம், அளவு, இடம் கேட்டு அது எது என்று சொல்லும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததைப் பதிவு செய்தாலே போதும். டுக் டுக் என்று கேட்கும் சத்தத்தை, யாரோ பாத்திரம் தட்டிச் செப்பனிடுகிறார்கள் என்றே நாங்கள் பல வருடம் நினைத்திருந்தோம். அது செம்மார்புக் குக்குறுவான் என்ற பறவை என்று மகன்தான் கண்டுபிடித்தான்.

அந்நியர்கள் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ராப்ளாக்ஸ், மைன்கிராஃப்ட் போன்றவற்றில் குழந்தைகள் கட்டும் உலகங்கள் அழகானவைதான். ஆனால் முன்பின் தெரியாதவர் குரலிலோ எழுத்திலோ பேச முடிகிற எந்த விளையாட்டையும் பத்து வயதுக்குள் தனியாக விடாதீர்கள். அரட்டையை மூடிவையுங்கள், ஹெட்போன் வேண்டாம், கூடத்தில் உட்கார்ந்து ஆடட்டும். பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்காதீர்கள். கணக்குத் தொடங்கும்போது கேட்கும் பதின்மூன்று வயது என்ற வரம்பு, அமெரிக்காவில் 1998இல் வந்த குழந்தைகள் தனியுரிமைச் சட்டத்திலிருந்து வந்தது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது வரை பெற்றோர் சம்மதம் கேட்கிறது. எட்டு வயதுப் பையனை இருபது வயதுக்காரன் என்று நாமே எழுதிக் கொடுத்தால், குழந்தைக்கான பாதுகாப்புகள் எல்லாம் விலகிக்கொள்ளும், விளம்பரமும் அரட்டையும் பெரியவர்களுக்கு வருவது போலவே வரும். யாராவது படம் கேட்டாலோ மிரட்டினாலோ உடனே அம்மாவிடம் சொன்னால் போன் பறிபோகாது என்று இன்றைக்கே அவனுக்கு வாக்குக் கொடுங்கள். போன் போய்விடுமே என்ற பயத்தில்தான் குழந்தைகள் மறைக்கிறார்கள். பணம் போனால் 1930, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098, இந்த இரண்டு உதவி எண்களும் வீட்டில் எழுதி ஒட்டியிருக்கட்டும்.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகமும் சொல்கிறது, இரண்டு முதல் நான்கு வயதுக்கு உலக சுகாதார நிறுவனமும் 2019இல் அதையே சொன்னது. சின்னவளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுக்கு நான் வைத்திருந்தது பள்ளி நாளில் அரை மணி, விடுமுறையில் ஒன்றரை மணி, ராத்திரி எட்டுக்குப் பிறகு கிடையாது. ஆனால் நடு ஆட்டத்தில் பிடுங்காதீர்கள். "அஞ்சு நிமிடம்" என்று சொல்வதைவிட "இந்த ஆட்டம் முடிந்ததும்" என்று சொன்னால் குழந்தைக்குப் புரியும். அப்படிச் சொல்ல முடியாத விளையாட்டு என்றால், முடிவே இல்லாத விளையாட்டு என்று பொருள்.

எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நிறுத்தினால் பக்கத்து வீட்டுப் போனில் உங்களுக்குத் தெரியாமல் ஆடுவான். இப்போது அவனைப் பிடித்துவைத்திருக்கும் அந்த ஒரு விளையாட்டை மட்டும் விலக்குங்கள், அதையும் ஒரே நாளில் வேண்டாம். ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு ஆடுங்கள். எங்கே பரிசு வருகிறது, எங்கே காசு கேட்கிறது என்று அவனையே காட்டச் சொல்லுங்கள். பிறகு தேதி சொல்லிவிட்டு நீக்குங்கள். எங்கள் வீட்டில் நான்கைந்து நாள் கடுமையாகவும் பத்து நாள் சிணுங்கலாகவும் இருந்தது. அந்த நாட்களில் மாலை வேளையைக் காலியாக விடாதீர்கள்.

சாதாரணப் பிடிவாதத்துக்கும் நோய்க்கும் இடையே தூரம் அதிகம். கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முதன்மையாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஓராண்டாவது நீடித்தால்தான் உலக சுகாதார நிறுவனம் அதை விளையாட்டுக் கோளாறு என்கிறது. தூக்கம், சாப்பாடு, பள்ளி மூன்றும் குலைந்தால் அத்தனை நாள் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

சின்னவளை அண்ணன் பக்கத்திலிருந்து எழுப்புங்கள். பார்த்துக்கொண்டே இருப்பதில் அவள் கை எதையும் செய்வதில்லை, எட்டு வயதுக்கானது எல்லாம் ஐந்து வயதில் கண்ணில் படுகிறது. அவளுக்கு டக்ஸ் பெயின்ட் ஏற்றிக் கொடுங்கள், வரைய மட்டும்தான் முடியும், முத்திரை குத்தினால் சத்தம் வரும். எழுத்துத் தெரியாமலே கட்டைகளை இழுத்துப் பொருத்த ஸ்க்ராட்ச் ஜூனியர் இருக்கிறது, ஐந்து முதல் ஏழு வயதுக்கு. படுக்கும் முன் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் நிறைய உண்டு, இலவசம். நீங்கள் வாசியுங்கள், அவள் படத்தைப் பார்க்கட்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பகுதியில் பாட்டும் கதையும் கேட்கலாம்.

நாளைக்கே ஒரு நோட்டை எடுத்து அந்த மூன்று பத்திகளைப் போடுங்கள். மூன்றாவது பத்தியை விடாமல் எழுதுங்கள்: எப்படி எழுந்தான். இரண்டு வாரம் கழித்து, எந்த விளையாட்டிலிருந்து அவனால் எழவே முடியவில்லை என்று பெயரோடு எனக்கு எழுதுங்கள். அதில் அவனை இழுப்பது ஓட்டமா, சேர்ப்பதா, கட்டுவதா, ஜெயிப்பதா என்று பார்த்து, அதற்கு ஈடான, முடிவுள்ள ஒன்றைச் சொல்கிறேன்.